பிரசிலியா: கோட்டுக்கு உள்ளே, கோட்டுக்கு வெளியே

தலைநகரங்களின் கதை – 11

சென்ற பகுதியை ஜட்டாயியில் நிறுத்தியிருந்தோம். 1955 ஏப்ரல் 4 அன்று, கோயாஸ் மாநிலத்தின் அந்தச் சிற்றூருக்கு ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்துக்காக ஜுசெலினோ குபிச்செக் வந்தார். கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். அரசியல் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவேன் என்கிறவர், தலைநகரை மாற்றச் சொல்லும் பிரிவையும் நிறைவேற்றுவாரா என்று கேட்டார். நிறைவேற்றுவேன் என்றார் குபிச்செக். அந்தப் பிரிவுக்கு அப்போதே அறுபது வயது தாண்டியிருந்தது. 1891ஆம் ஆண்டு அரசியல் சட்டம், நாட்டின் நடுவிலுள்ள மேட்டுநிலத்தில் 14,400 சதுர கிலோமீட்டரை வருங்காலத் தலைநகருக்கென்று ஒதுக்கியது. லூயிஸ் குருல்ஸ் என்ற வானியலாளரின் தலைமையில் ஒரு குழு போய் அளந்து, ஒரு நாற்கரத்தைக் குறித்துவிட்டு வந்தது. 1922 செப்டம்பர் 7, சுதந்திர நூற்றாண்டு நாளன்று, பிளனால்தினா அருகே அடிக்கல்லும் நட்டார்கள். பிறகு கல் மட்டும் நின்றது.

குபிச்செக் வென்றார். 1956 செப்டம்பரில், புதிய தலைநகரைக் கட்ட நோவாகாப் என்ற அரசு நிறுவனம் பிறந்தது. 1960 ஏப்ரல் 21 அன்று ரியோ டி ஜெனிரோ தன் தலைநகர் பட்டத்தை இழந்தது. இடையில் நடந்த கட்டுமான சாகசத்தை ஏராளமானோர் எழுதிவிட்டார்கள். விமானத்தில் வந்திறங்கிய சிமென்ட், இரவு பகல் பாராத வேலை, கட்டடக் கலைஞர் நீமயரின் வெள்ளைத் தூண்கள் எல்லாம் அதில் உண்டு. நான் இந்தப் பகுதியில் கட்டிய கதையை விட்டுவிட்டுப் பிரித்த கதையைச் சொல்லப்போகிறேன். ஒரு வெற்று நிலத்தில் எது எங்கே, யார் எங்கே என்று கோடு கிழித்த கதை. கோடு கிழித்தவர்கள் இரண்டு தரப்பு. ஒரு தரப்பின் பெயர் எல்லாருக்கும் தெரியும்.

அவர் லூசியோ கோஸ்டா. பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் பிறந்த பிரேசில்காரர். நகரத் திட்டத்துக்கான போட்டியில் 26 திட்டங்கள் வந்து சேர்ந்தன. மற்றவர்கள் மக்கள்தொகைக் கணிப்பு, பொருளாதார அட்டவணை, மாதிரி உருவங்கள் என்று அடுக்கியிருந்தார்கள். கோஸ்டா கொடுத்தது கையால் வரைந்த சில படங்களும் சில பக்க விளக்கமும்தான். போட்டியிடும் எண்ணமே தனக்கு இல்லை என்று தொடக்கத்திலேயே நடுவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் விளக்கத்தை எழுதினார். 1957 மார்ச் 16 அன்று முடிவு வந்தது. பரிசு அவருக்கு. நடுவர்களில் பிரேசில் கட்டடக் கலைஞர் சங்கத்தின் பிரதிநிதி கையெழுத்திட மறுத்தார். ஆங்கிலேய நகரத் திட்ட வல்லுநர் வில்லியம் ஹோல்ஃபர்டுக்கோ அந்தச் சில பக்கங்களே போதுமானவையாக இருந்தன.

படம் எளிமையானது. இரண்டு கோடுகள் செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. ஒன்று நேர்க்கோடு, அதன் மேல் அரசு. இன்னொன்று, நிலத்தின் சரிவுக்கும் வரப்போகும் ஏரிக்கும் இசைந்து வளைந்த கோடு. அதன் மேல் வீடுகள். கோடுகள் வெட்டும் இடத்தில் பேருந்து நிலையம். நேர்க்கோட்டின் கிழக்கு முனையில் முக்கோணமாக நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், ஜனாதிபதி மாளிகை. அதற்கு மேற்கே ஒரே அச்சில் வார்த்த 17 அமைச்சகக் கட்டடங்கள். வளைந்த கோட்டின் இரு பக்கமும் தெற்குச் சிறகு, வடக்குச் சிறகு. விமானம் என்றும் பறவை என்றும் பார்ப்பவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். கோஸ்டா தன் விளக்கத்தில் எழுதியதோ சிலுவையைப் பற்றி. ஒரு நிலத்தைத் தனதாக்கிக்கொள்கிறவன் முதலில் போடும் குறி அது என்றார். குடியேற்ற நாட்டுக்காரரின் வாயிலிருந்து வந்த உண்மை என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிலுவைக்குள் நடந்த பங்கீடு, உலகில் வேறெந்தத் தலைநகரிலும் இவ்வளவு பிடிவாதமாக நடந்ததில்லை. நகரத்தில் நடக்கக்கூடிய ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு துறை ஒதுக்கப்பட்டது. விடுதிகளுக்கு வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. வங்கிகளுக்குத் தனித் துறை. மருத்துவமனைகளுக்குத் தனி. அச்சகங்களுக்குத் தனி. படைக்குத் தனி. தூதரகங்களுக்குத் தனி. பொழுதுபோக்குக்குக்கூட ஒரு துறை உண்டு. அரசிதழில் அதன் பெயரே பொழுதுபோக்குத் துறைதான். பகலில் வங்கித் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்வார்கள், இரவில் அங்கே ஈ காக்கை இருக்காது. விடுதித் துறையில் தங்கும் பயணி இரவு பத்து மணிக்கு ஒரு வாழைப்பழம் வாங்க நினைத்தால், அதற்கு அவர் வேறொரு துறைக்குப் போகவேண்டும்.

குடியிருப்பின் பங்கீடு இதைவிட நுட்பமானது. கோஸ்டா அதற்கு வைத்த அலகு சூப்பர்குவாட்ரா. பக்கத்துக்கு ஏறத்தாழ 280 மீட்டர் கொண்ட சதுரம். சுற்றிலும் 20 மீட்டர் அகலத்துக்கு மரங்கள். உள்ளே ஆறு மாடிக்கு மிகாத அடுக்குமாடிகள், தூண்கள்மேல் நிற்பவை. தரைத்தளம் காலி. மதில் கிடையாது, கதவு கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்டடத்தின் அடியிலும் நுழைந்து மறுபக்கம் போகலாம். நிலம் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் நடக்கலாம் என்பது கொள்கை. நான்கு சூப்பர்குவாட்ரா சேர்ந்தால் ஓர் அக்கம்பக்கம். அதற்கு ஒரு தேவாலயம், பள்ளிகள், ஒரு சினிமா, ஒரு மன்றம், கடைகள். காகிதத்தில் இருந்தபடியே முழுமையாக எழுந்தது தெற்குச் சிறகில் 107, 108, 307, 308 என்ற நான்கு மட்டுமே. நீமயரின் சின்னஞ்சிறு பாத்திமா தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. 308இன் தோட்டத்தைத் தோட்டக் கலைஞர் பர்லே மார்க்ஸ் அமைத்தார். கல்வியாளர் அனிசியோ தெய்செய்ராவின் திட்டப்படி காலையில் வகுப்புப் பள்ளி, மாலையில் பூங்காப் பள்ளி என்று பிள்ளைகள் நடந்தே போய்வந்தார்கள்.

இந்த எண்களைப் புரிந்துகொண்டால் பாதி ஊர் புரிந்துவிடும். பிரசிலியாவில் தெருப் பெயர் கிடையாது. தெற்கு 308, சி பிளாக், 204 என்று ஒரு முகவரி இருந்தால், முதலில் சிறகு எது என்று தெரிகிறது. நூறின் இலக்கம் வரிசையைச் சொல்கிறது: 100, 300 என்றால் சிறகின் நடுவே ஓடும் பெருஞ்சாலைக்கு மேற்கே, 200, 400 என்றால் கிழக்கே, ஏரிப் பக்கம். கடைசி இரண்டு இலக்கங்கள் நகர மையத்திலிருந்து எத்தனையாவது என்பதைச் சொல்கின்றன. 1இல் தொடங்கி 16 வரை. ஒருமுறை பிடிபட்டுவிட்டால் யாரிடமும் வழி கேட்கவேண்டியதில்லை. வழி கேட்கும் சாக்கில் மனிதர்கள் பேசிக்கொள்வதும் அத்தோடு போயிற்று என்று குறைசொல்லும் பிரேசில்காரர்கள் உண்டு.

எண்ணுக்குள் தகுதியும் ஒளிந்திருந்தது. கோஸ்டாவின் வரைபடத்தில் இல்லாத 400 வரிசை, நகரம் ஏரிப்பக்கம் நகர்த்தப்பட்டபோது சேர்ந்தது. அங்கே மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. சிறிய ஊழியர்களுக்கானது. அடுக்குமாடிகள் அரசுக்குச் சொந்தம். ரியோவிலிருந்து மாற்றலாகி வந்தவர்களுக்குப் பதவிக்கேற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். வெவ்வேறு நிலையிலுள்ளவர்கள் ஒரே அக்கம்பக்கத்தில் வாழவேண்டும், அவர்களின் பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போகவேண்டும் என்பது திட்டத்தின் ஆசை. சில ஆண்டுகள் அது ஓரளவு நடக்கவும் நடந்தது. பெரிய அதிகாரிகள் மெல்ல மெல்ல ஏரிக்கு அக்கரையில் தோட்டத்தோடு வீடு கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 1990இல் ஜனாதிபதி கொல்லோரின் அரசு, இந்த ஊழியர் குடியிருப்புகளை விற்க வழிசெய்தது. பிறகு யார் எந்தச் சதுரத்தில் வாழ்வது என்பதைச் சந்தை பார்த்துக்கொண்டது.

உள்ளே இருந்தவர்களும் கோட்டுக்கு முழுசாக அடங்கினார்கள் என்று சொல்லிவிட முடியாது. கடைகளின் கதை எனக்குப் பிடித்தது. சூப்பர்குவாட்ராக்களுக்கு நடுவே உள்ள குறுக்குச் சாலையில் கடைவரிசை. கடையின் முகம் மரங்களும் வீடுகளும் உள்ள பக்கம் இருக்கவேண்டும், சாலைப் பக்கம் சரக்கு இறக்கும் பின்வாசல் என்பது கோஸ்டாவின் ஏற்பாடு. சாலையில் மனிதர்கள் கூடக்கூடாது என்பது அந்தக் கால நவீனத்தின் பிடிவாதம். முதலில் குடிவந்த கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் ஒரு விவாதமும் செய்யவில்லை. பின்வாசலில் பெயர்ப்பலகையை மாட்டினார்கள், அங்கேயே பொருளைப் பரப்பினார்கள், சாலை தெருவாகிவிட்டது. தோட்டத்தைப் பார்த்த முகப்பு கிடங்கானது. ஒரே சரக்கு விற்கிறவர்கள் ஒரே இடத்தில் கூடியதில், 102ஐ ஒட்டிய கடைவரிசைக்கு மருந்துக்கடைத் தெரு என்று மக்களே பெயரும் வைத்துவிட்டார்கள். வடக்குச் சிறகில் கடைகளைப் பின்னால் கட்டியபோது எல்லாப் பக்கமும் முகம் வைத்தே கட்டினார்கள். பொது விவாதம், மனு, ஊர்வலம் எதுவுமில்லாமல் ஓர் உலகப்புகழ் திட்டத்தைத் திருப்பிப் போட்டவர்கள் அந்த மளிகைக்காரர்களும் மருந்துக்கடைக்காரர்களும்தான்.

இதுவரை சொன்னது முதல் தரப்பு கிழித்த கோடு. யார் எங்கே என்ற இரண்டாவது கோட்டைக் கிழித்தது நோவாகாப்.

வடகிழக்கின் வறண்ட மாநிலங்களிலிருந்தும் கோயாஸ், மினாஸ் ஜெராயிஸ் பகுதிகளிலிருந்தும் லாரிகளின் முதுகில் வந்திறங்கிய கூலிகளுக்கு கந்தாங்கோ என்று பெயர். 1959இல் எடுத்த கணக்கெடுப்பில் அங்கே 64 ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கோஸ்டாவின் சதுரங்களில் இடம்? வேலை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்பதே அதிகாரிகளின் எண்ணம். தன் திட்ட விளக்கத்தில் கோஸ்டா, நகருக்குள்ளும் ஓரங்களிலும் குடிசைப்பகுதிகள் முளைக்காமல் தடுக்கவேண்டும், எல்லாருக்கும் கட்டுப்படியாகும் வீட்டை நகருக்குள்ளேயே நோவாகாப் தரவேண்டும் என்று எழுதியிருந்தார். நோவாகாப் முதல் பாதியை ஏற்றுக்கொண்டது.

வேலைக்காலத்துக்கு ஏற்பாடு இருந்தது. கட்டுமான நிறுவனங்களின் முகாம்கள் ஒருபக்கம். கடை, சாப்பாடு, சவரம், சாராயம் ஆகியவற்றுக்கு இன்னொரு பக்கம் ‘சுதந்திர நகரம்’. வரி கிடையாது என்பதால் அந்தப் பெயர். நிபந்தனை ஒன்றுதான்: எல்லாவற்றையும் மரத்தால் கட்டவேண்டும், தலைநகர் திறக்கும்போது இடித்துவிடவேண்டும். மேற்கத்தியப் படங்களில் வருவதுபோல் ஒரு நீளத் தெரு, இருமருங்கும் பலகைக் கட்டடங்கள், நடுவே புழுதி. 1960 வந்தது. தலைநகர் திறந்தது. பலகை நகரம் அசையவில்லை. வணிகர்களும் குடியிருந்தவர்களும் சங்கம் கூடி, நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பிடித்து, 1961 டிசம்பரில் தங்கள் ஊரை நிரந்தரமாக்கும் சட்டத்தையே வாங்கிவிட்டார்கள். நூக்ளியோ பண்டெய்ராந்தே என்று அது இன்று நகரத்தின் ஒரு மாவட்டம்.

இவர்கள் கடைக்காரர்கள், கையில் பணமும் செல்வாக்கும் இருந்தது. 1958இல் வந்தவர்களிடம் ஒன்றுமில்லை. அந்த ஆண்டு வடகிழக்கில் கடும் வறட்சி. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் சுதந்திர நகரத்துக்கு அருகே, நெடுஞ்சாலையோரத்தில் கோணிச்சாக்காலும் சிமென்ட் பைக் காகிதத்தாலும் கூரை போட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் இடிப்பார்கள் என்று தெரிந்ததால் ஒரு தந்திரம் செய்தார்கள். குடியிருப்புக்கு ஜனாதிபதியின் மனைவி பெயரைச் சூட்டி, சாரா குபிச்செக் குடியிருப்பு என்று பலகை நட்டுவிட்டார்கள். அந்தப் பலகையை இடிக்கும் துணிச்சல் எந்த அதிகாரிக்கு வரும்? பேச்சுவார்த்தை நடந்தது. நகரிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி மனை தருகிறோம் என்றது நோவாகாப். 1958 ஜூன் 5 அன்று முதல் லாரி போனது. அந்த இடம் தகுவாச்சிங்கா.

தேதியைக் கவனிக்கவேண்டும். கோஸ்டாவின் சிறகுகள் நிறைந்து, அரை மில்லியன் பேர் குடியேறிய பிறகே துணைநகரங்கள் தேவைப்படும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். தலைநகர் திறக்க இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும்போதே முதல் துணைநகரம் வந்துவிட்டது. மையத்துக்கு முன்னால் ஓரம் பிறந்த தலைநகர் இது.

பாதை கிடைத்ததும் நோவாகாப் அதையே பிடித்துக்கொண்டது. 1959 செப்டம்பர் 12 அன்று, குபிச்செக்கின் பிறந்தநாளில், பரனோவா அணையின் மதகுகள் மூடப்பட்டன. ஏரி எழுந்தது. அதன் படுகையில் அமவுரி என்ற தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்தபிறகு கிளம்பியவர்களும் உண்டு. அவர்களுக்கும் முகாம்வாசிகளுக்கும் 1960 மே மாதம் சோபராடினோ, அக்டோபரில் காமா. எல்லாம் நகர்மையத்திலிருந்து காத தூரம். இடையில் வெற்றுவெளி. குடிநீர் நீர்ப்பிடிப்பைப் பாதுகாக்கவேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம்; பொய்யான காரணமும் அல்ல. ஆனால் ஏரியின் கரையிலேயே செல்வந்தர்களுக்கு மனை பிரித்தபோது அந்தக் காரணத்தை யாரும் எடுக்கவில்லை.

1964 மார்ச் மாத இறுதியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று 4545ஆம் எண் சட்டம், தலைநகரும் துணைநகரங்களும் அடங்கிய கூட்டாட்சி மாவட்டம் முழுவதையும் எட்டு நிர்வாகப் பகுதிகளாகப் பிரித்தது. பிரசிலியா முதல் பகுதி, காமா இரண்டாவது, தகுவாச்சிங்கா மூன்றாவது. தலைநகருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஊராக இருந்த பிளனால்தினாவும் பட்டியலில் ஆறாவதாக வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிர்வாகி. அவரை மேலிருந்து நியமிப்பார்கள். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள்.

பிரித்த கதையில் மிகவும் வெளிப்படையான அத்தியாயம் 1971. அப்போது நூக்ளியோ பண்டெய்ராந்தேயைச் சுற்றி ஐ.ஏ.பி.ஐ., தெனோரியோ, எஸ்பெரான்சா என்று குடிசைப்பகுதிகள் பெருத்திருந்தன. நகரத்தைக் கட்டியவர்களும் அவர்களின் உறவினர்களும் சுமார் 80 ஆயிரம் பேர் அங்கே. ஆளுநர் ஹெலியோ பிரேட்ஸ். அவருடைய அரசு ‘ஆக்கிரமிப்பு ஒழிப்பு இயக்கம்’ ஒன்றைத் தொடங்கியது. போர்ச்சுக்கீசிய மொழியில் அதன் முதலெழுத்துகள் சேர்ந்தால் ‘செய்’. 1971 மார்ச் 27 அன்று, தகுவாச்சிங்காவுக்கும் அப்பால் உள்ள ஒரு மேட்டில் முதல் குடும்பங்களை இறக்கினார்கள். 10க்கு 25 மீட்டர் மனை. அந்த ஊருக்கு வைத்த பெயர் செயிலாண்டியா. வெளியேற்றிய இயக்கத்தின் பெயரையே குடியேற்றிய ஊருக்குச் சூட்டியிருக்கிறார்கள். குடிபெயர்வோரை உற்சாகப்படுத்த சிறுவர் பாடகர் குழுவைக் கொண்டு ஒரு விளம்பரப் பாட்டும் வானொலியில் ஒலித்தது. நகரம் ஒன்றே என்பது அதன் சாரம். செயிலாண்டியாவில் வளர்ந்த இயக்குநர் அதிர்லே கெய்ரோஸ் 2011இல் அந்த வாசகத்தின் கடைசியில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்துத் தன் படத்துக்குத் தலைப்பாக வைத்தார்.

செயிலாண்டியாவின் வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். நெய் காப்ரியேல் டி சோசா என்ற கட்டடக் கலைஞர் போட்ட அந்தத் திட்டத்திலும் இரண்டு அச்சுகள் செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. கோஸ்டாவின் அதே குறி. தண்ணீர், கழிவுநீர், சாலை எதுவும் இல்லாத நிலத்தில், லாரித் தண்ணீருக்கு வாளியோடு நிற்பவர்களுக்கு அந்தக் குறி எதற்கு உதவியது என்று தெரியவில்லை. குழாய் வரப் பல ஆண்டு ஆனது. பிறகு எழுந்த தண்ணீர்த் தொட்டிதான் அந்த ஊரின் அடையாளச் சின்னம். வேறு ஊர்களில் சிலைக்குக் கிடைக்கும் மரியாதை அங்கே அதற்கு. 1970களின் கடைசியில் அரசு மனை விலையைப் பலமடங்கு ஏற்றியபோது, ‘சளைக்காத குடியிருப்போர்’ என்று பெயர் வைத்து ஒரு சங்கம் திரண்டு நீதிமன்றம் வரை போனது. 1986இல் வடகிழக்கின் ஆசுகவிப் பாடகர்களுக்கென நீமயர் வடிவமைத்த ‘பாடகர் இல்லம்’ செயிலாண்டியாவில் திறந்தது. நேர்க்கோட்டின் மேலுள்ள அரசு மாளிகைகளின் சிற்பி இவ்வளவு தூரம் வந்து கட்டித்தந்தது அபூர்வம்.

தகுவாச்சிங்காவின் பகுதியாகவே நிர்வகிக்கப்பட்ட செயிலாண்டியா 1989இல்தான் தனி நிர்வாகப் பகுதியானது. இன்று கூட்டாட்சி மாவட்டத்திலேயே மக்கள்தொகையில் பெரிய பகுதி அதுதான். அதன் ஓரத்திலிருந்த பண்ணை நிலங்களில் சூரிய உதயம் என்ற பொருள்படும் சோல் நசெந்தே வளர்ந்தது. 2022 கணக்கெடுப்பின்படி அங்கே 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ரியோவின் ரோசின்யாவுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது பெரிய குடிசைப்பகுதி. 1957இல் நடுவர்கள் வியந்த திட்டத்தின் தலைநகரில்!

இதற்கிடையே உள்ளே இருந்த கோடு உறைந்துவிட்டது. 1987 அக்டோபரில் உள்ளூர் ஆணை ஒன்று கோஸ்டாவின் நகரத்தை நான்கு அளவைகளாகப் பகுத்துக் காப்பாற்றியது: அரசின் பெருமிதம், குடியிருப்பு, கூடுமிடம், பசுமை. டிசம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முப்பது வயதுகூட நிரம்பாத நகரம் அந்தப் பட்டியலில் ஏறியது உலகில் புதுமை. ஆறு மாடி ஆறாகவே இருக்கவேண்டும், தூணடி காலியாகவே இருக்கவேண்டும். ஆக, சிறகுகளில் வீடு பெருகாது, விலைதான் பெருகும். பெருகும் மக்களெல்லாம் வெளியே போகவேண்டியதாயிற்று. பாரம்பரியக் காப்பு தவறென்று நான் சொல்லமாட்டேன். அதன் செலவை யார் ஏற்றார்கள் என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

வெளியே எப்படிப் போனார்கள் என்பது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு கதை, எல்லாவற்றையும் சொல்ல இடம் போதாது. குவாராவை 1969இல் அரசு ஊழியர்கள் கூட்டாகத் தோள்கொடுத்துக் கட்டினார்கள். சமம்பாயா ஆளுநர் ஜோவாகிம் ரோரிஸ் மனை விநியோகித்த காலத்தில் வளர்ந்தது. மனையும் வாக்கும் கைமாறிய விதத்தை விளக்கவேண்டியதில்லை. எஸ்த்ருதுரால் லத்தீன் அமெரிக்காவின் மிகப்பெரிய குப்பைமேடுகளில் ஒன்றை ஒட்டி, அதில் பொறுக்கிப் பிழைத்தவர்களின் ஊராக உருவானது. 2004இல் அதை நிர்வாகப் பகுதியாக்கியபோது அரசு எழுதிய அதிகாரப்பூர்வப் பெயர், ‘தொழில் மற்றும் விநியோகத் துணைத்துறை’. மனிதர்கள் இருக்கும் இடத்துக்கும் துறைப் பெயர். குப்பைமேடு 2018 ஜனவரியில் மூடப்பட்டது.

விசென்தே பிரெஸ் வேறு வகை. விவசாயத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தை நடுத்தர வகுப்பினர் துண்டுதுண்டாக வாங்கி, அனுமதியில்லாமல் மதில் எழுப்பி, காவலாளி வைத்து வீடு கட்டினார்கள். அதுவும் ஆக்கிரமிப்புதான். ஒழிப்பு இயக்கம் எதுவும் வரவில்லை, லாரிகள் வரவில்லை. 2009இல் அது தனி நிர்வாகப் பகுதியாக உயர்ந்தது.

1988 அரசியல் சட்டம் இந்தப் பிரிவினைக்கு ஒரு விசித்திரமான முத்திரை குத்தியது. பிரேசிலில் எந்தச் சிற்றூருக்கும் நகராட்சி உண்டு, மேயர் உண்டு, மன்ற உறுப்பினர்கள் உண்டு. 32ஆம் பிரிவு, கூட்டாட்சி மாவட்டத்தை நகராட்சிகளாகப் பிரிக்கக்கூடாது என்று தடுத்தது. மாவட்டம் முழுவதற்கும் ஓர் ஆளுநர், 24 உறுப்பினர் கொண்ட ஒரு சட்டமன்றம். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே 1990இல்தான் வந்தது. புள்ளிவிவரத் துறையின் கணக்கில் கூட்டாட்சி மாவட்டம் முழுவதும் ஒரே ஊர், அதன் பெயர் பிரசிலியா. 2022இல் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆனால் செயிலாண்டியாக்காரர் காலையில் வேலைக்குப் புறப்படும்போது, ‘பிரசிலியாவுக்குப் போகிறேன்’ என்றுதான் சொல்கிறார். 2001இல் ஓடத்தொடங்கிய மெட்ரோ தெற்குச் சிறகு வழியாகப் போய் ஆகுவாஸ் கிளாராஸில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கை செயிலாண்டியாவுக்கும் ஒரு கை சமம்பாயாவுக்கும் நீள்கிறது. மற்றவர்களுக்குப் பேருந்துதான். எல்லைக்கு அப்பால், கோயாஸ் மாநிலத்தில் ஆகுவாஸ் லிந்தாஸ், வல்பாராயிசோ என்று ஊர்கள் வீங்கி நிற்கின்றன. அவர்களுக்கு வேலை தலைநகரில், வாக்கு இன்னொரு மாநிலத்தில். 1998இல் மத்திய அரசு அவற்றையும் சேர்த்து ஒரு வட்டாரமாக அறிவித்தது. அறிவிப்போடு சரி.

கோஸ்டா 1984இல் நகரத்தைப் பார்க்க வந்தார். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில், பேருந்து நிலைய மேடையில், மாலை நேரக் கூட்டத்தைப் பார்த்தார். பெரிய உலக நகரங்களின் நாகரிக மையம்போல் அந்த இடம் இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். அங்கே நின்றவர்களோ துணைநகரங்களுக்குப் பேருந்து பிடிக்கக் காத்திருந்த கந்தாங்கோக்களும் அவர்களின் பிள்ளைகளும். அவர் மனம் கோணவில்லை. தன் கனவைவிட நிஜம் பெரிதாக இருந்ததாகவும், இது உண்மையான பிரேசில்காரர்கள் எடுத்துக்கொண்ட இடம் என்றும் பேட்டியில் சொன்னார். பெருந்தன்மையான பேச்சு. அவர்கள் அந்த மேடையில் நின்றது வீட்டுக்குப் போக ஒன்றரை மணிநேரம் ஆகும் என்பதால் என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

எட்டாகத் தொடங்கிய நிர்வாகப் பகுதிகள் 2022 டிசம்பரில் அரபோவாங்கா, ஆகுவா கெந்தே இரண்டும் சேர்ந்து 35 ஆயின. கோஸ்டாவின் சிறகுகள் அவற்றில் முதல் எண் கொண்ட ஒரே ஒரு பகுதி. மாவட்டத்தின் மக்களில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே வாழவில்லை. 35 பகுதிகளின் நிர்வாகிகளையும், 1964இல் எழுதியபடியே, இன்றும் மேலிருந்துதான் நியமிக்கிறார்கள். செயிலாண்டியாவின் வாக்காளர் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆளுநரைத் தேர்ந்தெடுக்கலாம். தன் ஊரின் நிர்வாகியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

(தொடரும்)